அப்பா எந்தப் பட்டாளம்? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் சொல்லும்போது, பழைய பட்டாளத்து மெடல்களைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். மதுரையைச் சுற்றி இத்தனை வீடுகளில் ட்ரங்குப் பெட்டிக்குள் பர்மா சண்டை படுத்துக் கிடக்கிறது என்று தெரியாமல் எழுதிவிட்டேன். கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. எனவே சமையல் எரிவாயு மானியமும் பட்டா மாறுதலும் அடுத்த இதழுக்குப் போகட்டும், இந்த வாரம் முழுக்கப் பட்டாளத்தார்தான்.

*

எனக்கு 71 வயது, பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். அப்பா 1942-ல் வீட்டில் கோபித்துக்கொண்டு மதுரைக்கு நடந்தே போய்ப் பட்டாளத்தில் சேர்ந்தவர். 1946 தீபாவளி கழிந்துதான் ஊர் திரும்பினார். லாரி ஓட்டினேன் என்பார், இம்பால் என்பார். ஜப்பான்காரன் தோற்ற பிறகும் ஜாவாவில் ஒரு வருஷம் துப்பாக்கியோடு இருந்தோம் என்பார். ஊரில் ஒருத்தரும் நம்பவில்லை, நானும் சிரித்திருக்கிறேன். 1988-ல் இறந்துவிட்டார். இரண்டு நட்சத்திர மெடல், இரண்டு வட்ட மெடல், ஒரு ஸ்டுடியோ போட்டோ இருக்கின்றன. போட்டோவில் தோளில் கோழி மாதிரி ஏதோ தெரிகிறது. டிஸ்சார்ஜ் பேப்பரைக் கரையான் தின்றுவிட்டது. எங்கே எழுதிக் கேட்பது?
– திருமங்கலம் வாசகர்

எழுதுவது கிடக்கட்டும் சார், முதலில் அந்தக் கோழிக்கு வருவோம். அது கோழியல்ல, சண்டைச் சேவல். அன்றைய இந்திய ராணுவத்தில் ஒவ்வொரு டிவிஷனுக்கும், அதாவது பெரிய படைத்தொகுதிக்கும், தோளில் ஒரு சின்னம் உண்டு. 17-வது டிவிஷனுக்குக் கறுப்புப் பூனை, 4-வதுக்குச் சிவப்புக் கழுகு, 7-வதுக்குத் தங்க அம்பு, 5-வதுக்குச் சிவப்பு உருண்டை. மஞ்சள் வட்டத்துக்குள் சிவப்புச் சேவல் என்றால் 23-வது டிவிஷன். கறுப்பு வெள்ளைப் போட்டோவில் நிறம் போனாலும் கொண்டையும் வாலும் போகாது. பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். கண் சரியில்லை என்றால் பேரனை விட்டு செல்போனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

சேவல்தான் என்றால் உங்கள் அப்பா சொன்னது ஒன்றுகூடக் கதையில்லை. 1944 மார்ச்சிலிருந்து ஜூலை வரை இம்பாலில் நடந்த சண்டையில் 23-வது டிவிஷன் இருந்தது. 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது, செப்டம்பரில் இந்த டிவிஷன் மலேயாவில் போய் இறங்கியது, அங்கிருந்து இன்றைய இந்தோனேசியாவிலுள்ள ஜாவாவுக்கு அனுப்பிவிட்டார்கள். ஜப்பானியர்களிடமிருந்து ஆயுதம் வாங்குவது, சிறையில் கிடந்த டச்சுக்காரர்களை மீட்பது, இதுதான் வேலை என்று சொல்லித்தான் கூட்டிப் போனார்கள். போன இடத்தில் இந்தோனேசியர்கள் சுதந்திரம் அறிவித்துவிட்டு, முன்பு தங்களை ஆண்ட டச்சுக்காரன் திரும்ப வரக் கூடாது என்று நின்றார்கள். 1945 அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும் ஜாவாவின் சுரபயா நகரில் பெரிய சண்டை. நம் ஊரே சுதந்திரத்துக்குக் காத்துக்கொண்டிருந்தபோது நம் ஊர்ப் பையன்கள் இன்னொரு நாட்டுச் சுதந்திரக்காரர்களுக்கு எதிரே நிறுத்தப்பட்டார்கள். திண்ணையில் உட்கார்ந்து இதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? நீங்கள் சிரித்ததில் குற்றமில்லை, விடுங்கள்.

இப்போது மெடலுக்கு வருவோம். ஆறு முனை நட்சத்திரம் இரண்டில் ஒன்றில் ‘தி பர்மா ஸ்டார்’ என்று இங்கிலீஷில் வட்டமாக எழுதியிருக்கும், இன்னொன்று 1939–45 ஸ்டாராக இருக்கும். பர்மா ஸ்டாரைப் பார்த்ததும் ‘அப்பா பர்மாவுக்குள் போயிருக்கிறார்’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள், வங்காளம், அசாம் பக்கம் குறிப்பிட்ட காலத்தில் இருந்தவர்களுக்கும் அதைக் கொடுத்தார்கள். வட்ட மெடலில் ஒன்று, சிங்கம் இரட்டைத் தலை டிராகனை மிதித்துக்கொண்டு நிற்கிற வார் மெடலாக இருக்கும், அது அநேகமாக எல்லோருக்கும் வந்தது. எனக்கு ஆவலெல்லாம் அந்த நாலாவது மெடல் மேல்தான். ஊதா ரிப்பனில் நடுவே பச்சைக் கோடு, மேலே ஒரு குறுக்குப் பட்டையில் ‘எஸ்.இ. ஏஷியா 1945–46’ என்று இருந்தால், ஜாவா மாதிரி இடங்களில் போருக்குப் பிறகு இருந்தவர்களுக்கென்று கொடுத்த வெள்ளி மெடல் அது. அதன் விளிம்பில், அதாவது காசைச் செங்குத்தாக நிறுத்தினால் தரையில் படுமே அந்தச் சுற்றில், பட்டாளத்து நம்பர், ரேங்க், பெயர், படைப்பிரிவு எல்லாம் பொடி எழுத்தில் பதித்திருப்பார்கள். கரையான் தின்ற பேப்பரில் இருந்த முக்கால்வாசி விஷயம் அங்கே இருக்கிறது.

எழுத்துத் தெரியவில்லை என்று தேய்த்துவிடாதீர்கள். எங்கள் வீட்டில் பெரியப்பாவின் மெடல்களை ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அத்தை புளி போட்டுத் தேய்த்து, சாம்பல் போட்டு விளக்கி, குத்துவிளக்குப் பக்கத்தில் வைப்பார். பளபளவென்று இருக்கும். முப்பது வருஷப் பூஜையில் ராஜா முகமே மழுங்கிவிட்டது, எழுத்து எம்மாத்திரம். நீங்கள் கொஞ்சம் விபூதியை எடுத்து விளிம்பில் விரலால் லேசாகத் தடவி, மெல்லிய துணியால் மேலாக ஒற்றி எடுங்கள். பள்ளத்தில் விபூதி நிற்கும், மேட்டில் நிற்காது. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் வெள்ளை எழுத்தாக வாசிக்கலாம். நான் இதை ஒரு பழைய நாணயக்காரரிடம் கற்றுக்கொண்டேன், அவர் சாக்பீஸ் தூள் வைத்திருந்தார், நம் வீட்டில் விபூதிக்கா பஞ்சம்.

அந்தப் பட்டாளத்து நம்பருக்காக நான் இப்படி உயிரை விடுவதற்குக் காரணம் இருக்கிறது. அந்தப் போரில் இந்திய ராணுவத்தில் இருந்தவர்கள் சுமார் 25 லட்சம் பேர். அதில் எத்தனை முத்துச்சாமி, எத்தனை கருப்பையா! அதுவும் ஆளெடுக்கிற குமாஸ்தா காதில் விழுந்தபடி இங்கிலீஷில் எழுதிய பெயர். பெயரையும் ஊரையும் மட்டும் வைத்துக்கொண்டு நான் ஒருமுறை பெரியப்பாவுக்காக ஓர் ஆவண அலுவலகத்துக்கு எழுதினேன். ‘எஞ்சினியர் பட்டாளம்’ என்று வீட்டில் சொல்லக் கேட்டு எழுதியது. எட்டு மாதம் கழித்து ‘விவரம் போதாது’ என்று ஒற்றை வரி வந்தது. பிறகு பார்த்தால் அவர் எஞ்சினியரே இல்லை, ரோடு வெட்டவும் மூட்டை தூக்கவும் வைத்திருந்த பயனியர் படை. தப்பு என்னுடையதுதான், ஆனாலும் அந்த ஒற்றை வரி இன்றைக்கும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

சிப்பாய்களின் ஆவணம் டெல்லியில் ஒரே இடத்தில் குவிந்திருக்காது, அந்தந்தப் படைப்பிரிவின் ரெக்கார்ட்ஸ் ஆபீஸில்தான் இருக்கும். உங்கள் அப்பா லாரி ஓட்டியவர் என்பதால் அநேகமாக ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர் என்ற சப்ளை, போக்குவரத்துப் படை, போட்டோவில் தோள் பட்டையில் பித்தளை எழுத்து தெரிகிறதா பாருங்கள். சுதந்திரத்துக்குப் பிறகு அது ஆர்மி சர்வீஸ் கோர் ஆகிவிட்டது, தென்பகுதிக்கான ரெக்கார்ட்ஸ் பெங்களூருவில். மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: மெட்ராஸ் சாப்பர்ஸ் (எஞ்சினியர் படை) என்றால் அதுவும் பெங்களூருதான், பயனியர் படையும் அங்கேதான். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டன், சிக்னல்ஸ் என்ற தகவல் தொடர்புப் படை ஜபல்பூர், பீரங்கிப் படை நாசிக், மருத்துவப் படை லக்னோ. கப்பல் படை என்றால் மும்பை, விமானப் படை என்றால் டெல்லி.

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். நம்பர், பெயர் (இரண்டு மூன்று ஸ்பெல்லிங்கில்), தகப்பனார் பெயர், ஊர், சேர்ந்த வருஷம், வந்த வருஷம். ஊரை எழுதும்போது அன்றைய முகவரியை எழுதுங்கள், மாவட்டம் அவர்கள் பேரேட்டில் ‘மதுரா’ என்றுதான் இருக்கும். இன்றைய திண்டுக்கல், தேனிக்காரர்களுக்கும் அதேதான், விருதுநகர், சிவகங்கைக்காரர்கள் ‘ராம்நாட்’ என்று போட வேண்டும். கூடவே அப்பாவின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், உங்கள் ஆதார் நகல், மெடல் விளிம்பின் போட்டோ. ஒரிஜினல் எதையும் அனுப்பாதீர்கள், மெடலைக் கவரில் போட்டு அனுப்பிய மகானுபாவர் ஒருவரையும் எனக்குத் தெரியும். பதில் வரவில்லை என்றால் பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்துத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், முப்பது நாளில் ஏதாவது ஒரு பதில் சொல்லியாக வேண்டும்.

‘ஏதாவது ஒரு பதில்’ என்று வேண்டுமென்றேதான் சொன்னேன். பென்ஷன் இல்லாமல் வெளியே வந்தவர்களின் ஃபைலை 25 வருஷம் கழித்து அழித்துவிடலாம் என்பது ராணுவத்து விதி. போருக்காகச் சேர்ந்து 1946, 47-ல் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் பெரும்பாலோருக்குப் பென்ஷன் கிடையாது, கையில் கொஞ்சம் பணத்தைக் கொடுத்து ரயில் ஏற்றிவிட்டார்கள். ஆக ஃபைல் போயிருக்கும். ஆனால் ‘லாங் ரோல்’ என்று ஒரு பேரேடு உண்டு, அதை அழிப்பதில்லை. ஆளுக்கு ஒரு வரி. உங்கள் கடிதத்தில் ‘லாங் ரோல் பதிவின் நகல்’ என்று அந்தச் சொல்லைப் போட்டே கேளுங்கள். சும்மா ‘சர்வீஸ் ரெக்கார்ட்’ என்று கேட்டால் ‘அழிக்கப்பட்டுவிட்டது’ என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

இன்னொன்று, பக்கத்திலேயே இருப்பது. அம்மா இருந்தபோது இரண்டாம் உலகப்போர் வீரரின் விதவை என்று மாதாமாதம் அரசு உதவித்தொகை ஏதாவது வாங்கினாரா? வாங்கியிருந்தால் மதுரையில் இருக்கும் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் அதற்கு ஒரு ஃபைல் போட்டிருப்பார்கள், அந்த ஃபைலுக்குள் டிஸ்சார்ஜ் பேப்பரின் நகல் இருக்க வேண்டும், அது இல்லாமல் உதவித்தொகை கொடுத்திருக்க மாட்டார்கள். பெங்களூருவுக்கு எழுதுவதற்கு முன்னால் ஒரு நாள் அங்கே போய்விட்டு வாருங்கள். காலையில் போங்கள்.

அப்பா இருந்த கம்பெனி, அதாவது சிறு படைப்பிரிவு, அதன் நம்பர் கிடைத்துவிட்டால் அப்புறம் ஒரு பெரிய கதவு திறக்கும். ஒவ்வொரு யூனிட்டும் ‘வார் டைரி’ எழுதியது, அன்றன்றைக்கு எங்கே இருந்தோம், எத்தனை வண்டி ஓடியது, எத்தனை ரிப்பேர், மழை, குண்டு என்று. பர்மா பக்கத்து யூனிட்டுகளின் டைரிகள் லண்டனில் கியூ (Kew) என்ற பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ‘டபிள்யூ.ஓ. 172’ என்ற வரிசையில் இருக்கின்றன. எது எது இருக்கிறது என்று அவர்கள் வலைத்தளத்தில் சும்மாவே தேடலாம், நகல் எடுக்கத்தான் காசு. அதில் உங்கள் அப்பா பெயரைத் தேடி ஏமாறாதீர்கள், டைரியில் ஆபீசர் பெயர்தான் வரும். ஆனால் அவர் ஓட்டிய லாரி எந்தத் தேதியில் எந்த ரோட்டில் போனது என்பது வரும்.

*

எங்கள் அப்பா மலேயாவில் ரப்பர் தோட்டத்தில் இருந்தவர், நேதாஜி படையில் சேர்ந்தார். 1946-ல் ஊர் வந்தார். கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை, தியாகி பென்ஷனும் வாங்கவில்லை. அவர் ஐ.என்.ஏ.வில் இருந்ததற்கு ஆதாரம் கிடைக்குமா? எங்களுக்குப் பென்ஷன் வருமா?
– மேலூர் வாசகர்

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: வராது. மத்திய அரசின் தியாகி பென்ஷன் மனைவிக்கு வரும், கல்யாணமாகாத, வேலையில்லாத மகளுக்கு வரும். மகன்களுக்குக் கிடையாது. இதை வாங்கித் தருகிறேன் என்று யாராவது உங்களிடம் பணம் கேட்டிருந்தால் கொடுக்காதீர்கள்.

ஆதாரம் வேறு கதை. ஐ.என்.ஏ.வில் இரண்டு வகை ஆட்கள். 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தபோது ஜப்பானியரிடம் பிடிபட்டு, பிறகு இதில் சேர்ந்த இந்திய சிப்பாய்கள் ஒரு வகை. அவர்களுக்குப் பழைய ரெஜிமென்டில் நம்பர் உண்டு, மேலே சொன்ன வழியில் தேடலாம். 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்து தலைமை ஏற்ற பிறகு தோட்டத்திலிருந்தும் கடையிலிருந்தும் கிளம்பிப் போன சாதாரண ஜனங்கள் இன்னொரு வகை, அதில் நம் ராமநாதபுரம், சிவகங்கை, மதுரைப் பக்கத்து ஆட்கள் ஏராளம். உங்கள் அப்பா இந்த வகை. இவர்கள் பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்ததே இல்லை, ஆகவே எந்த ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்கு எழுதினாலும் பிரயோஜனமில்லை.

டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் பாதுகாப்பு அமைச்சகம் 1997-ல் ஐ.என்.ஏ. சம்பந்தமான 990 ஃபைல்களைக் கொடுத்தது. அவர்களுடைய ‘அபிலேக் படல்’ இணையதளத்தில் வீட்டிலிருந்தே தேட ஆரம்பிக்கலாம். அப்பாவோடு போன ஊர்க்காரர் யாராவது தியாகி பென்ஷன் வாங்கினாரா என்று விசாரியுங்கள். அந்தக் காலத்தில் காகிதம் இல்லாதவர்களுக்கு, அவர்களோடு சிறையில் இருந்தவர் சான்று கொடுத்தால் ஏற்றுக்கொண்டார்கள், அதனால் ஒருவர் ஃபைலில் நாலு பேர் பெயர் கிடைக்கும். சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஜப்பான்காரன் காலத்தைப் பற்றிய வாய்மொழிப் பேட்டிகளும் இருக்கின்றன. அதில் அப்பா இருக்க மாட்டார், அவர் சாப்பிட்ட மரவள்ளிக்கிழங்கு இருக்கும்.

*

என் அப்பாவை நான் பார்த்ததே இல்லை. நான் 1943-ல் பிறந்தேன், அடுத்த வருஷம் தந்தி வந்ததாம். அம்மா கடைசி வரை பட்டாளத்து விதவைப் பென்ஷன் வாங்கினார். அப்பாவைப் புதைத்த இடமாவது தெரியுமா? பேத்தி இதை எழுதிக் கொடுக்கிறாள்.
– உசிலம்பட்டி வாசகி

அம்மா, பேத்தி பக்கத்திலேயே இருக்கிறாள் அல்லவா, அவளை காமன்வெல்த் போர் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தைத் திறக்கச் சொல்லுங்கள். காசு கிடையாது. 1939 செப்டம்பர் 3-லிருந்து 1947 டிசம்பர் 31 வரை பணியில் இறந்தவர்கள் எல்லாருக்கும் அதில் ஒரு பக்கம் உண்டு. உயிரோடு திரும்பியவர்கள் அதில் இருக்க மாட்டார்கள், இது தெரியாமல் தேடித் தேடிச் சலித்தவர்கள் பலர் எனக்கு எழுதியிருக்கிறார்கள்.

பெயரை மட்டும் போட்டுத் தேடினால் கிடைக்காமல் போகலாம். கூடுதல் விவரம் என்ற கட்டத்தில் ‘மதுரா’ என்று இங்கிலீஷில் போட்டு, இந்திய ராணுவம், 1944 என்று வடிகட்டிவிட்டு, வருகிற பட்டியலைப் பொறுமையாக வாசிக்கச் சொல்லுங்கள். இன்னாரின் மகன், இன்ன ஊர், இன்னாரின் கணவர் என்று பலருக்கு எழுதியிருப்பார்கள். உங்கள் அம்மா பெயர் அங்கே இங்கிலீஷில் கோணல்மாணலாக இருக்கக்கூடும், வாய்விட்டு வாசித்தால்தான் பிடிபடும்.

புதைத்த இடம் என்று கேட்டீர்கள். இந்து சிப்பாய்களைத் தகனம் செய்வதுதான் வழக்கம், நிறையப் பேருக்கு அதுவும் நடக்கவில்லை, அதனால் கல்லறை இருக்காது, கல்லில் பெயர் இருக்கும். பர்மாவில் என்றால் பெரும்பாலும் ரங்கூனுக்கு வடக்கே தாவ்க்யான் என்ற இடத்தில், நீளமான தூண் மண்டபம். கிட்டத்தட்ட 27,000 பெயர்கள், பெரும்பகுதி நம்மவர்கள். இணையதளத்தில் அப்பாவுக்கான பக்கத்திலேயே ‘ஃபேஸ்’ என்று ஓர் எண் போட்டிருக்கும், மண்டபத்தில் பெயர் எந்த முகப்பில் இருக்கிறது என்று அது காட்டும். அந்த எண்ணை எழுதி வைத்துக்கொண்டால், ரங்கூன் போகிற யாரிடமாவது சொல்லிப் படமெடுத்து வரச் சொல்லலாம், 27,000 பெயரில் தேட வேண்டியதில்லை. அம்மா பென்ஷன் வாங்கியதால் உங்கள் அப்பாவின் ரெக்கார்டும் பத்திரமாக இருக்க அதிக வாய்ப்பு. பென்ஷன் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடவில்லையே?

*

தாத்தாவின் பர்மா ஸ்டாரை விற்றால் என்ன விலை போகும்?
– அண்ணாநகர், மதுரை

லட்சக்கணக்கில் அடித்துக் கொடுத்த மெடல் அது, நீங்கள் நினைக்கிற விலை போகாது. விற்பதானால் விளிம்பையும் பின்பக்கத்தையும் படமெடுத்து வைத்துக்கொண்டு விற்றுத் தொலையுங்கள்.

*

அம்மாவுக்கு 94 வயது, ஞாபகம் நன்றாக இருக்கிறது. அப்பா போரில் எங்கே இருந்தார் என்று கேட்டால் ‘எனக்கென்ன தெரியும், வடக்கே’ என்கிறார். எப்படிக் கேட்பது?
– சோழவந்தான் வாசகி

போரைப் பற்றிக் கேட்காதீர்கள், அது அவருக்கு நடக்கவில்லை. மணியார்டரைப் பற்றிக் கேளுங்கள். மாதம் எவ்வளவு வந்தது, யார் கையெழுத்துப் போட்டு வாங்கினார், மாமியாரிடம் கொடுத்தாரா, எந்த மாதம் நின்றது. பணம் நின்ற மாதம் முக்கியம், இடம் மாறியிருப்பார், ஆஸ்பத்திரியில் இருந்திருப்பார். கடிதம் வந்தால் யார் வாசித்துக் காட்டியது என்று கேளுங்கள், கறுப்பு மை பூசி வந்ததா என்று கேளுங்கள், அது சென்சார்காரன் வேலை. ஒரு கவராவது மிஞ்சியிருந்தால் தபால் முத்திரையில் எஃப்.பி.ஓ. என்று போட்டு ஒரு நம்பர் இருக்கும், களத் தபால் நிலையம். எந்த நம்பர் எந்த மாதம் எந்த ஊரில் இருந்தது என்று தபால்தலை சேகரிப்பவர்கள் பட்டியலே வைத்திருக்கிறார்கள்.

வருஷம் கேட்டால் சொல்லத் தெரியாது. எங்கள் பெரியம்மாவிடம் பெரியப்பா எப்போது லீவில் வந்தார் என்று இருபது வருஷமாகக் கேட்டும் பதில் இல்லை. ஒரு நாள் சித்திரைத் திருவிழாவுக்குக் கிளம்பும்போது தானாகச் சொன்னார்: ‘அழகரு ஆத்துல எறங்கின மறுநா வந்தாரு, இவ மூத்தவளுக்கு அப்பப் பல்லு மொளைக்கல.’ அக்காவின் ஜாதகத்தை எடுத்துப் பார்த்தோம். பிறந்து நாலு மாதம். 1945 ஏப்ரல்.